கிணறும் நாமும்: யாழ்ப்பாணத்துத் தண்ணீர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வலிகாமத்தில் எங்கள் ஊர் வாசிகசாலையில் நாங்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுவோம். ஊர்க் கிணறுகள் சிலவற்றின் தண்ணீர் மட்டத்தை அளந்து ஒரு கொப்பியில் எழுதி வருகிறோம். மேசையில் கிடக்கும் கொப்பியைப் பார்த்தவர்கள் ஏதாவது கேட்காமல் போவதில்லை. பேப்பர் பார்க்க வரும் ஐயா கேட்பார், கொழும்பில் இருந்து லீவில் வந்த தம்பி கேட்பான், கனடாவில் இருந்து காணி பார்க்க வந்த அக்கா கேட்பார். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது. பிறகு கிணற்றுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

மழையில் இருந்துதான். நிலாவரைக் கிணற்றில் போட்ட தேசிக்காய் கீரிமலைக் கேணியில் மிதந்தது என்று சின்ன வயதில் எல்லாரும் கேட்டிருப்போம். அந்தக் கதையில் ஓர் உண்மை உண்டு. நமது நிலத்துக்கு அடியில் கிடப்பது மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். மழைத்தண்ணீர் அதை மெல்ல மெல்லக் கரைத்து, வெடிப்பும் பொந்தும் குகையுமாக ஆக்கி வைத்திருக்கிறது. மேலே இருக்கும் செம்மண்ணும் தண்ணீரைத் தேக்காமல் கீழே விட்டுவிடும். ஆகவே ஆண்டுக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் என்ற கணக்கில், பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டும் மழையில் ஒரு பங்கு இந்தக் கல்லுக்குள் போய்ச் சேருகிறது. வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என்று இப்படி நான்கு பெரிய தேக்கங்கள் இருக்கின்றன.

முக்கியமான விசயம் இனித்தான். மூன்று பக்கமும் கடல், நடுவில் கடனீரேரி. கல்லுக்குள் கீழே கடல் தண்ணீரும் இருக்கிறது. நன்னீர் பாரம் குறைந்தது என்பதால் உப்புத் தண்ணீருக்கு மேலே ஒரு வில்லை போல மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் உயரத்துக்கு நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்கள் சொல்லும் கணக்கு. இதைக் கண்ணால் காண வேண்டும் என்றால் புத்தூர்ப் பக்கம் போய் நிலாவரையைப் பாருங்கள். இராமர் அம்பு விட்டு உண்டாக்கியது என்ற ஐதீகம் உள்ள கிணறு. மேலே அள்ளினால் நல்ல தண்ணீர். ஆழம் போகப் போகச் சவர், அடியில் உப்பு.

மழை குறையவில்லை. ஏன் கோடையில் கிணறு சவராகிறது?

எடுக்கும் வேகம் மாறிவிட்டது. என் அப்பப்பா காலத்தில் துலா (ஏற்றம்) இறைப்பு. ஒருவர் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடக்க, கிணற்றடியில் நிற்பவர் பட்டையைப் பிடித்துக் கவிழ்க்க, தோட்டத்துக்குள் இன்னொருவர் மண்வெட்டியோடு நின்று பாத்திக்குப் பாத்தி தண்ணீரைத் திருப்புவார். விடியமுன் தொடங்கினால் வெயில் ஏறும்போது மூன்று பேருக்கும் உடம்பு விட்டுவிடும். ஆட்கள் களைத்தவுடன் இறைப்பு நிற்கும். அந்த இடைவெளியில் ஊற்று மெல்ல ஊறி மட்டம் பழையபடி வந்துவிடும். மனிதருடைய களைப்புத்தான் அந்தக் காலத்தில் கிணற்றுக்குக் காவல்.

1950களுக்குப் பிறகு நீரிறைக்கும் மிசின் ஊருக்கு ஊர் வந்தது. மிசினுக்குக் களைப்பு இல்லை. மண்ணெண்ணெய் இருக்கும் வரைக்கும் இறைக்கும். இப்போது மின்சார மோட்டர், ஆளி ஒன்றைத் தட்டினால் போதும். வேகமாக இறைக்கும்போது கிணற்றுக்குள் நன்னீர் மட்டம் இறங்குகிறது. மேலிருந்த பாரம் குறைய, கீழே கிடக்கும் உப்புத் தண்ணீர் கிணற்றுக்கு நேர் கீழே கூம்பு போல எழும்புகிறது. முன்பு சொன்ன கணக்கைத் திருப்பிப் பாருங்கள். மேலே ஒரு முழம் குறைந்தால் கீழே நாற்பது முழம் உப்பு ஏறப் பார்க்கும். மிசினை நிறுத்தினதும் மேல்மட்டம் ஓரளவு விரைவில் தெளியும். ஏறிய உப்பு அதே வேகத்தில் இறங்கிப் போகாது. நல்ல மாரி ஒன்றிரண்டு வேண்டும்.

சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில்தான் இது நன்றாகத் தெரியும். தேநீருக்குப் பால் விட்டால் திரைகிறது, சவர்க்காரம் நுரைக்கவில்லை, பருப்பு வேகவில்லை என்று வீட்டுப் பெண்கள்தான் முதலில் சொல்வார்கள். ஒரு சிறு விளக்கம்: கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கு உப்பு அல்ல, சுண்ணாம்பு. அது நம்முடைய கல்லில் இருந்து வருவது, எப்போதும் இருந்தது. சவர் வேறு விசயம்.

எங்கள் கிணறு ஒருநாளும் வற்றினதில்லை. அப்ப எங்களுக்குப் பிரச்சினை இல்லைதானே?

வற்றாததை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நன்னீர் குறையக் குறைய அந்த இடத்துக்கு உப்புத் தண்ணீர் வந்து நிற்கும், மட்டம் பெரிதாக மாறாது. கடலை அண்டிய ஊர்களில் வற்றாத கிணறுகள் எத்தனையோ இருக்கின்றன, குடிக்கத்தான் முடியாது. மட்டத்தோடு உப்பையும் அளக்க வேண்டும். உப்புக் கூடினால் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும் திறனும் கூடும். மின்கடத்துதிறன் பார்க்கும் சிறிய கருவி, பேனை அளவுதான், ஒன்று வாங்கி ஊருக்கே பாவிக்கலாம்.

குழாய்க் கிணறு அடித்து ஆழத்தில் இருந்து எடுத்தால் என்ன?

வேண்டாம். வன்னியில் உள்ளவருக்குச் சரிவந்தது இங்கே சரிவராது. இங்கே ஆழம் என்றால் உப்பு. ஆழமாகத் துளைத்தால் உங்கள் குழாய் உப்புக்குப் போடும் பாதையாகிவிடும், அடுத்த வளவுக்காரரின் கிணற்றையும் அது கெடுக்கும்.

நைத்திரேற்று என்கிறார்கள். அது எப்படிக் கிணற்றுக்குள் வந்தது?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாத பிரச்சினை இது.

எங்கள் தோட்டத்தில் சின்ன வெங்காயம் நடுகிறோம். இரண்டரை மாதப் பயிர். பாத்திகளுக்கு நடுவே வாய்க்கால், வாய்க்காலின் தலைப்பில் கிணறு. பசளை எறியும் நாளில் யூரியா மணிகள் ஈரப் பாத்தியில் விழுந்ததும் சீனி போலக் கரைந்து போகும். யூரியாவில் 46 வீதம் நைதரசன். பயிர் எடுத்துக்கொள்வது அதில் ஒரு பங்கைத்தான். மீதியை மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் நைத்திரேற்றாக மாற்றுகின்றன. நைத்திரேற்றை மண் பிடித்து வைத்திருக்காது, தண்ணீர் போகும் வழியிலேயே அதுவும் போகும். அடுத்த இறைப்பில் செம்மண்ணைக் கடந்து, கல் வெடிப்புக்குள் இறங்கி, வாய்க்காலின் தலைப்பில் இருக்கும் அதே கிணற்றுக்கு வந்து சேரும். அதே தண்ணீரை மறுபடி இறைக்கிறோம், மேலே இன்னொரு முறை யூரியா எறிகிறோம். வெங்காயம், மிளகாய், புகையிலை, உருளைக்கிழங்கு என்று ஆண்டு முழுக்கப் பயிர் மாறி மாறி நிற்கும் செம்மண் ஊர்களில் இந்தச் சுற்று பல பத்தாண்டுகளாக நடக்கிறது.

குடிதண்ணீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு. அதைத் தாண்டிய கிணறுகள் வலிகாமத்தில் இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மிகவும் ஆபத்து கைக்குழந்தைகளுக்கு. ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு அந்தத் தண்ணீரில் மாப்பால் கரைத்துக் கொடுத்தால், இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோகும் திறன் குறையும், உதடும் நகமும் நீலம் பாரிக்கலாம். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு இந்தப் பயம் இல்லை.

கொதிக்கவைத்தால் போய்விடாதா?

போகாது. கொதித்து ஆவியானால் தண்ணீர்தான் குறையும், நைத்திரேற்று அப்படியே நின்று இன்னும் செறிவாகும். மண், கரி போட்ட சாதாரண வடிகட்டியும் உதவாது. கிருமிக்குக் கொதிக்கவைப்பது நல்லது, அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் கைக்குழந்தை இருக்கும் வீடு என்றால் தண்ணீரைப் பரிசோதித்துவிட்டுப் பாவியுங்கள். ஊர்ப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால் எங்கே கொடுப்பது என்று சொல்வார்.

அப்படியானால் யூரியாவை முழுதாக நிறுத்திவிடலாமே?

2021இல் நாடு முழுவதும் அதைத்தான் செய்து பார்த்தார்கள். மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தது, நவம்பரில் தடையைத் தளர்த்த வேண்டி வந்தது. கமக்காரருக்குத் தயாராக ஒரு போகம்கூடக் கொடுக்காமல் செய்த வேலை. விளைச்சல் விழுந்தது, கடன் ஏறியது, சேதனப் பசளை என்ற சொல்லைக் கேட்டாலே இன்றும் பலருக்குக் கோபம் வருகிறது. அதுதான் எனக்குப் பெரிய கவலை, ஏனென்றால் நம் ஊருக்கு அது புதுச் சரக்கே இல்லை.

குழை தாழ்ப்பதை நான் பார்த்து வளர்ந்தேன். வேலியில் நிற்கும் பூவரசு, கிளிசரியாவை வெட்டி, கட்டுக் கட்டாகத் தோட்டத்துக்குக் கொண்டுபோய், கான் வெட்டி அடுக்கி மண்ணால் மூடுவார்கள். காய்ந்த பனையோலையையும் அப்படித் தாழ்ப்பார்கள். அது உக்கி முடிய ஆண்டுக்கணக்கு எடுக்கும், அதுவரைக்கும் மண்ணைப் பொதுமையாக வைத்து ஈரத்தைப் பிடித்திருக்கும். ஆட்டுக்காரரைக் கூப்பிட்டுத் தோட்டத்தில் பட்டி அடைப்பார்கள், நாலு இராத்திரி ஆடுகள் படுத்த நிலம் அடுத்த போகத்துக்கு வேறு நிலமாக இருக்கும்.

இதற்குத் திரும்பிப் போனால் எல்லாம் சரி என்றும் நான் சொல்லமாட்டேன். அளவுக்கு மீறிப் போட்ட எருவில் இருந்தும் நைத்திரேற்றுத்தான் இறங்கும். கிணற்றுக்குப் பக்கத்தில் மாட்டுக் கொட்டிலும் எருக் கும்பியும் வைத்திருப்பது யூரியாவுக்குக் குறைந்த தீங்கு அல்ல. செய்யக்கூடியது இதுதான்: மண்ணைச் சோதித்து, யூரியாவை ஒரே தரத்தில் கொட்டாமல் பிரித்து, பயிர் கேட்கும் நேரத்தில் போடுவது, எறிந்தவுடன் வெள்ளமாக இறைக்காமல் விடுவது. தூவல் நீர்ப்பாசனம் வைத்தவர்கள் பசளையும் மின்சாரமும் ஒன்றாகக் குறைகிறது என்கிறார்கள். நம்பலாம், ஏனென்றால் தேவைக்கு மேலே விட்ட தண்ணீர்தான் பசளையைக் கீழே கொண்டுபோகிறது.

மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் எவ்வளவு தூரம் வேண்டும்?

அதிகாரிகள் குறிக்கும் இடைவெளி உங்கள் பிரதேச சபையில் இருக்கும், வீட்டு வரைபடம் கொடுக்கும்போது பார்ப்பார்கள். நான் சொல்ல வருவது வேறு. மண் நிலத்தில் அழுக்குத் தண்ணீர் மணலூடாக மெல்ல வடிந்து ஓரளவு சுத்தமாகிவிடும். நமது கல்லில் ஒரு வெடிப்பு அகப்பட்டால் வடியாமல் ஓடும். அதோடு உங்கள் வளவுக்குள் அளந்தால் போதாது, மதிலுக்கு அங்காலே அடுத்த வீட்டுக் குழி எங்கே என்றும் பார்க்க வேண்டும். முன்பு பத்துப் பரப்புக் காணியில் ஒரு வீடு, ஒரு கிணறு, மூலையில் ஒரு கக்கூசு. இப்போது சீதனத்துக்குப் பிரித்துப் பிரித்து இரண்டு பரப்பில் ஒரு வீடு, அதிலும் ஒரு கிணறு, ஒரு குழி. நகரத்துக்குள் இதுதான் நிலைமை. அடி திறந்த குழியைக் கைவிட்டு, அடியும் பக்கமும் சீமெந்து பூசிய தாங்கியாகக் கட்டி, நிரம்பும்போது பவுசருக்குச் சொல்லி எடுப்பிப்பது செலவுதான். கிணறு கெட்டபின் தண்ணீரை விலைக்கு வாங்குவது வாழ்நாள் முழுக்கச் செலவு.

சுன்னாகத்தில் கிணற்றுக்குள் எண்ணெய் வந்ததே, அது என்ன ஆயிற்று?

அனல் மின் உற்பத்தி நடந்த வளாகத்தில் இருந்து கழிவெண்ணெய் நிலத்துக்குள் இறங்கி, சுற்றியிருந்த ஊர்களின் கிணறுகளில் மிதந்தது. 2014, 2015இல் அந்தப் பக்கத்துச் சனம் பவுசர் தண்ணீருக்கு வாளியோடு வரிசையில் நின்றது எல்லாருக்கும் நினைவிருக்கும். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. 2019 ஏப்பிரலில் வந்த தீர்ப்பு, அங்கே மின் உற்பத்தி செய்த தனியார் நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு கொடுக்க வேண்டும் என்றது. ஊர்க் கிணற்றுக்காக நாட்டின் ஆக உயர்ந்த நீதிமன்றம் வரை போய் நின்றவர்களை நான் நன்றியோடு நினைக்கிறேன்.

ஆனால் நீதிமன்றம் காசைத்தான் கொடுக்க முடியும். கல் வெடிப்பில் ஒட்டிய எண்ணெயை யாராலும் துடைத்து எடுக்க முடியாது. இன்னொன்றையும் பாருங்கள். கிணற்றுக் கட்டோடு வைத்திருக்கும் மண்ணெண்ணெய் மிசினின் அடியில் மண் கறுத்துப் பிசுபிசுவென்று இருக்கும். மோட்டார் சைக்கிள் திருத்துமிடங்களில் பழைய ஒயிலை வேலிக்கரையில் ஊற்றுகிறார்கள். அதுவும் போகும் இடம் இதுதான். மிசினின் கீழே ஒரு தகரத் தட்டு வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

குளங்களை ஏன் இவ்வளவு பேசுகிறீர்கள்? அதில் யார் குளிக்கிறார்கள் இப்போது?

குளிப்பதற்கு மட்டும் கட்டியிருந்தால் ஆயிரத்துக்கு மேல் கட்டியிருக்கமாட்டார்கள். குடாநாட்டில் ஊர்க்குளம், கோயில் கேணி, துரவு எல்லாம் மாரித் தண்ணீரைச் சில கிழமை நிறுத்திவைத்து நிலத்துக்குள் இறக்கும் இடங்கள். குளம் நிரம்பி நின்றால் சுற்றியுள்ள கிணறுகள் பங்குனி, சித்திரையிலும் தெளிவாக நிற்கும். எங்கள் ஊர்க் குளத்தங்கரையில் இன்னும் ஆவுரோஞ்சிக்கல் நிற்கிறது. தண்ணீர் குடித்த மாடு உடம்பை உரோஞ்சிக்கொள்ள ஒரு கல் நட்டு வைத்திருக்கிறார்கள். மாட்டின் தினவைக்கூட யோசித்த ஊர் இது.

பிறகு என்ன நடந்தது? வாய்க்கால்களை மறித்து மதில் கட்டினோம். குளத்துக்குள் கட்டட இடிபாடு கொட்டினோம். வழுக்கையாறு தெல்லிப்பழைப் பக்கத்தில் தொடங்கிக் குளம் குளமாக நிரப்பிக்கொண்டு அராலியில் கடனீரேரியில் விழும், மாரிக்கு மட்டும் ஓடும் ஆறு. அதன் கரையையும் பல இடங்களில் நெருக்கிவிட்டோம். முற்றத்தில் வெண்மணல் பரப்பிக் காலையில் கூட்டிய ஊரில் இப்போது வாசலில் இருந்து வீதி வரைக்கும் சீமெந்துக் கல். அதில் விழும் மழை கானுக்குப் போய், கானால் கடலுக்குப் போய்விடுகிறது. மார்கழியில் வீட்டுக்குள் வெள்ளம் என்கிறோம், ஆடியில் தண்ணீர் இல்லை என்கிறோம். இரண்டும் ஒரே தண்ணீர்.

‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்ற திட்டம் நடக்குமா?

பொறியியலாளர் ஆறுமுகம் 1950களில் முன்வைத்தது. கனகராயன் ஆறு விழும் ஆனையிறவுக் கடனீரேரியை இரு பக்கமும் அடைத்து நன்னீராக்கி, முள்ளியான் பக்கமாக ஒரு கால்வாய் வெட்டி, வடமராட்சி, உப்பாறு ஏரிகளுக்கு விட வேண்டும், கடல் தண்ணீர் உள்ளே வராமல் தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கதவு போட வேண்டும் என்பது அவருடைய கணக்கு. தடுப்பணைகள் கட்டப்பட்டன. முழுத் திட்டம் முடியவில்லை. பிறகு போர் வந்தது, கதவுகள் துருப்பிடித்தன.

எனக்கு அந்தத் திட்டத்தில் விருப்பம் உண்டு, ஏனென்றால் ஏரியில் நன்னீர் நின்றால் சுற்றியுள்ள கிணறுகள் தாமாகத் தெளியும். அதேநேரம் ஏரியில் இறால் பிடித்து வாழும் குடும்பங்களைக் கேட்காமல் கதவைப் பூட்டக் கூடாது. உவரும் நன்னீரும் கலக்கும் இடத்தில்தான் இறால் குஞ்சு வளரும், கண்டல் நிற்கும். ஆனையிறவு ஏரியின் கிழக்கு முனையில் சுண்டிக்குளம் இருக்கிறது. 1938இல் பறவைகள் சரணாலயமானது, 2015இல் தேசியப் பூங்கா. பூநாரைகள் இரைதேடுவது ஆழமில்லாத சவர்ச் சேற்றில். ஆறு முழுவதையும் மறிப்பதா, மாரியில் மிஞ்சுவதை மட்டும் மறிப்பதா என்று பேசி முடிவெடுக்கலாம்.

தாளையடியில் கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்குகிறார்கள். இனிக் கிணறு எதற்கு?

முன்பு கிளிநொச்சியில் உள்ள இரணைமடுக் குளத்தில் இருந்து தண்ணீர் கொண்டுவரப் பார்த்தார்கள். கிளிநொச்சிக் கமக்காரர்கள், எங்கள் வயலுக்கே காணாது என்றார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதற்குப் பிறகுதான் வடமராட்சி கிழக்கில் தாளையடித் திட்டம். 2024 ஆகஸ்ட் மாதம் திறந்தார்கள், நாளுக்கு 24,000 கன மீற்றர் அளவுக்குக் கட்டப்பட்டது. குழாய் வந்த வீட்டுக்கு, அதிலும் கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு, அது பெரிய ஆறுதல். நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் அது குடிக்க, சமைக்க. வெங்காயத்துக்கு அந்தத் தண்ணீர் கட்டுப்படியாகாது. உப்பை அமுக்கிப் பிரிக்க நிறைய மின்சாரம் வேண்டும், பிரித்த கடும் உவர்த் தண்ணீர் திரும்பக் கடலுக்குத்தான் போகிறது. அது கலக்கும் இடத்தில் மீனுக்கு என்ன ஆகிறது என்று தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை மூடி இவ்வளவு காலம், இன்னும் ஏன் அந்தப் பேச்சு?

ஆலை 1950இல் தொடங்கியது, 1990இல் போரோடு நின்றது. சீமெந்துக்கு வேண்டிய சுண்ணாம்புக்கல்லை அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே தோண்டினார்கள், பெரிய பள்ளங்கள் இன்னும் கிடக்கின்றன. மேலே சொன்னபடி, சுண்ணாம்புக்கல்தான் நமது தண்ணீரை வைத்திருக்கும் பானை. பானையை உடைத்து விற்ற மாதிரித்தான் இதை நான் பார்க்கிறேன். வேலைவாய்ப்புக் கிடைத்தது, மறுக்கவில்லை. திரும்பத் தோண்டலாமா என்று யாராவது கேட்டால் என் பதில் கூடாது என்பதே.

மணல் அள்ளுவதால் தண்ணீருக்கு என்ன?

வடமராட்சியில் மணற்காடு, குடத்தனைப் பக்கம் நிற்கும் மணல் மேடுகள் மழையைக் குடித்து வைத்திருக்கும் பஞ்சு. மேட்டடியில் கையால் கிண்டினாலே நல்ல தண்ணீர் வரும் இடங்கள் உண்டு, உப்புக் கடலுக்கு எவ்வளவு கிட்ட! 2004 டிசம்பர் 26 கடல் பொங்கியபோது மேடு இருந்த இடமும் இல்லாத இடமும் ஒரே மாதிரிப் பாதிக்கப்படவில்லை என்று அந்தக் கரையில் உள்ளவர்கள் சொல்வார்கள். வீடு கட்ட மணல் வேண்டும், உண்மை. அனுமதி உள்ள இடத்தில் இருந்து வாங்குங்கள். இரவில் வரும் மலிவான லோட்டை வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பனைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. பனை தண்ணீர் கேட்காமல் வளரும், வேர் மண்ணைப் பிடிக்கும், ஓலை பசளையாகும், வேலியாகும், கூரையாகும். போர்க் காலத்தில் பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் தறித்த பனைகளுக்குக் கணக்கே இல்லை. இப்போது வீட்டுக்கும் வீதிக்கும் தறிக்கிறோம், தறிப்பதற்கு அனுமதி எடுக்க வேண்டும் என்பதுகூடப் பலருக்குத் தெரியாது. பனை அபிவிருத்திச் சபை 1978இல் இருந்து இருக்கிறது. ஆனால் நடுவது நம்முடைய வேலை. கிழங்குப் பாத்தி கிண்டும்போது பத்துக் கொட்டையைக் கிண்டாமல் எல்லையோரம் புதைத்துவிடுங்கள், வடலியாகும். காய்க்கப் பதினைந்து, இருபது ஆண்டு செல்லும்.

கடலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?

நான் கடற்றொழில் செய்பவன் இல்லை. மாமா ஒருவர் பாசையூரில், அவர் சொல்வதை வைத்து எழுதுகிறேன். பாக்குநீரிணை ஆழமில்லாத கடல். அடியில் புல்லும் சேறும். இழுவைமடி அதை உழுதுகொண்டு போனால் மீன் பெருகும் இடமே போய்விடுகிறது. இலங்கையில் 2017இல் சட்டம் போட்டு அதைத் தடைசெய்தார்கள், எல்லை தாண்டி வரும் இந்திய இழுவைப்படகுகளால் இரு கரைத் தமிழரும் ஒருவரோடு ஒருவர் மோதவேண்டி வந்திருப்பது வேதனை. கரைக்குள் இப்போது கடலட்டைப் பண்ணைகள். சிலருக்கு நல்ல வருமானம். களங்கண்டி (தடி நட்டுக் கட்டும் வலை) போட்டுச் சீவித்தவர்களுக்கு வலை வைக்க இடம் சுருங்கிவிட்டது என்பது மாமாவின் குறை. எந்த இடத்தில் எத்தனை என்று கரையோரச் சங்கங்களைக் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் என்ன செய்யலாம்?

கூரைத் தண்ணீரைப் பீலி போட்டுச் சேர்த்து, கிணற்றில் இருந்து சற்றுத் தள்ளி, கல்லும் மணலும் நிரப்பிய ஒரு குழிக்குள் விடுங்கள். முதல் மழைத் தண்ணீரை வெளியே விட்டுவிடுங்கள், அதில் காகத்தின் எச்சமும் சருகும் இருக்கும். முற்றத்துக்குக் கல் பதிப்பதென்றால் நடுவில் மண் தெரிய இடைவெளி விடுங்கள். ஒரே மூச்சில் தாங்கி நிரப்பாமல் காலையும் மாலையும் பிரித்து இறையுங்கள். மாதத்துக்கு ஒருமுறை, மோட்டர் போடுமுன், கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, நனைந்த இடம் வரை அளந்து எழுதுங்கள். எங்கள் கொப்பி அப்படித்தான் தொடங்கியது, ஒரு கிணற்றோடு.

நாங்கள் வெளிநாட்டில். ஊர்வீட்டுக் கிணறு சும்மா கிடக்கிறது, மூடிவிடலாமா?

மூட வேண்டாம். வலிகாமம் வடக்கில் இராணுவத்திடம் இருந்து காணி விடுபட்டுத் திரும்பியவர்கள் கிணற்றுக்குள் இடிந்த சுவரும் முட்கம்பியும் கிடக்கக் கண்டு, ஆள் பிடித்து நாட்கணக்கில் துப்புரவாக்கினார்கள். அதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும் ஒரு கிணற்றைத் திரும்ப எடுப்பது எவ்வளவு பாடு என்று. குப்பை போட்டு மூடிய கிணறு அந்தக் குப்பையின் சாற்றை நேராக எல்லாருடைய தண்ணீருக்குள்ளும் இறக்கும். லீவில் வரும்போது ஆள் பிடித்து இறைத்து, கட்டில் முளைத்த ஆல், அரசங்கன்றைப் பிடுங்கி, மேலே கம்பிவலை போடுங்கள். பக்கத்து வீட்டார் இடைக்கிடை அள்ளினால் தண்ணீர் பழுதாகாது. எங்கள் கொப்பியில் அப்படி ஆள் இல்லாத வீட்டுக் கிணறுகள் நான்கு இருக்கின்றன, நாங்களே போய் அளக்கிறோம். படலைத் திறப்பைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள்.